சின்ன டேங்க்

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அந்தக் கறுப்பு மெஷினை நீட்டினான். அப்துல் வாஹித் பாய் லாரிப் படியில் ஒரு காலை வைத்தபடியே குனிந்து, தினமும் ஊதுவதைப் போல ஊதினார். மெஷின் கீச்சென்று கத்தியது. செக்யூரிட்டிக்கே நம்பிக்கை வரவில்லை. மெஷினைத் தொடையில் இரண்டு தட்டு தட்டி மறுபடியும் நீட்டினான். மறுபடியும் கத்தியது. லாரி ஓடுவதைப் பார்க்கப் பூனாவிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் வெள்ளை ஹெல்மெட்டோடு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் சிரிப்பை அடக்க இளநீர் குடிக்கும் ஸ்டிராவைக் கடித்துக்கொண்டாள். தாடி நரைத்த, நெற்றியில் தொழுத தழும்பு உள்ள ஒரு மனிதர் பட்டப்பகலில் குடித்துவிட்டு லாரி ஏற வந்தால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கு வேடிக்கையாக இல்லை. அந்த வாய்க்குள் போனது என்ன, எப்படிப் போனது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

என் பெயர் சேகர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி எஞ்சின்களைச் சோதிக்கிற கம்பெனியில் ஃபிட்டர். குடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, இவன் பேச்சையா இவ்வளவு நேரம் நம்பினோம் என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது. போன வருஷம் இதே மெஷின் என்னைப் பார்த்தும் கத்தியது. அன்றைக்கு அது கத்தியதில் நியாயம் இருந்தது.

எங்கள் லாரிக்கு இரண்டு டேங்க். பெரியதில் பெட்ரோல், சின்னதில் எத்தனால். சமதரையில் பெட்ரோலே போதும். பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது எஞ்சினுக்கு மூச்சு முட்டி உள்ளே டக்டக்கென்று தட்ட ஆரம்பிக்கும். அப்போது மட்டும் சின்ன டேங்கிலிருந்து எத்தனால் பீய்ச்சும். சூடு தணிந்து, தட்டல் அடங்கி, டீசல் லாரிக்குச் சமமாக இழுக்கும். டீசலே இல்லாமல் கரும்பிலும் அரிசியிலும் காய்ச்சியதை வைத்து நாட்டில் லாரி ஓட்டிவிடலாம் என்பது எங்கள் இன்ஜினியர் ஹேமநாத் சாரின் கனவு. டிரைவர்கள் கனவெல்லாம் காணவில்லை, பெயர் வைத்தார்கள். பெட்ரோல் டேங்க் பெரிய ஊடு, எத்தனால் டேங்க் சின்ன ஊடு. கஷ்டம் வந்தால் மட்டும் போகிற இடமாம். பாய் அந்தப் பேச்சுக்குச் சிரிப்பாரே தவிர, தான் சொல்லும்போது 'சின்ன டேங்க்' என்றுதான் சொல்வார். இந்த வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், வண்டி குடிக்கிற ஸ்பிரிட்டு நம்மைத் தீட்டாக்குமா என்று கேட்டுவிட்டு வந்த ஆள் அவர். வண்டிக்குத்தானே, ஓட்டலாம் என்று ஹஜ்ரத்து சொல்லியிருக்கிறார். அப்படியும் வேலை முடிந்ததும் ஷெட் குழாயில் கை, கால், முகமெல்லாம் சோப்புப் போட்டு, சட்டை மாற்றிக்கொண்டுதான் தொழப் போவார்.

அன்றைக்குக் காலையில் வண்டி இருமியது. மேம்பாலம் ஏறுகிற வேகத்தில் வைத்தால் எத்தனால் சரியாக எரியவில்லை. கடற்காற்றில் ஈரம் இறங்கி, சின்ன டேங்கில் இருந்தது தண்ணீர் கோர்த்துவிட்டது. பழசை எடுத்துவிட்டுப் புதுசை ஊற்ற வேண்டும். அதற்கென்று மூடிபோட்ட கைப்பம்பு ஒன்று உண்டு. அதன் வாஷர் போய் ஒரு வாரமாகக் கிடந்தது. ஸ்டோரில் கேட்டால் அம்பத்தூரிலிருந்து வரணும் என்றார்கள். விருந்தாளிகள் வண்டி அதற்குள் தச்சூரைத் தாண்டிவிட்டது. ஹேமநாத் சார் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பாய், எப்டியாவது காலி பண்ணிடுங்க. உங்கள நம்பிதான் இருக்கேன்" என்றார்.

லாரிக்காரனிடம் எப்படியாவது என்று சொன்னால் அவனுக்கு ஒரு வழிதான் தெரியும். ரப்பர் ஓஸை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்து, வந்ததும் கேனுக்குள் விடுவது. கல்கத்தா லைன் ஓட்டிய காலமெல்லாம் பாய் அப்படித்தான் டீசல் எடுத்திருக்கிறார். டீசல் கனமானது, மெதுவாக ஏறும், கடைசி நொடியில் வாயை எடுத்துவிடலாம். இது தண்ணீரை விட லேசு. அவர் இழுத்த இழுப்புக்கு ஒரு வாய் நிறையப் போய், பாதி தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. கேனைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் கண் சிவந்து பிதுங்கியது தெரிந்தது. துப்பினார், இருமினார், குழாயில் வாயை வைத்துக் கொப்பளித்தார். உதடெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது.

"இத்தினி வருசம் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன், கடைசில வாயிலயே பூந்துச்சு பாரு" என்றார்.

"இன்னா பாய், மொத போணியே ஓசிலயா?" என்றேன் நான். அவரும் சிரித்தார். கதவருகே நின்ற ஹேமநாத் சாரும் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு லேசாகத்தான் இருந்தது அது.

அடுத்த கொஞ்ச நேரத்தில்தான் கேட்டில் மெஷின் கத்தியது. நான் ஹேமநாத் சாரைப் பார்த்தேன். அவர் விருந்தாளிகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயால் இன்னொரு டிரைவரைப் பார்த்து, "சரவணன், நீ ஏறு" என்றார். பாய் படியிலிருந்து காலை எடுத்து ஓரமாக நின்றார். வண்டி பாரத்தோடு போய்க் கவரைப்பேட்டை மேம்பாலத்தைச் சும்மா ஜம்மென்று ஏறி இறங்கிவிட்டு வந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். புது எத்தனால் வாசனை கேட் வரைக்கும் வந்தது.

ஹேமநாத் சாரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. நோன்பு மாதத்தில் வேப்பம்பட்டு வீட்டிலிருந்து வரும்போது பாய்க்கு நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து வாங்கி வருகிற ஆள். அன்று சாயங்காலம் கேன்டீனுக்குப் பின்னால் பாயைக் கூப்பிட்டு நிறுத்தினார். கூட இருந்த என்னைப் போகச் சொல்லவில்லை. நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்திருப்பார்.

"பாய், நீங்க குடிச்சீங்கன்னு நான் எங்கயும் சொல்லல."

"நீங்கதான் பாத்தீங்களே சார். அதச் சொன்னா முடிஞ்சுது."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? போன தடவை ஷெட்ல தீப்பிடிச்சதுல இருந்து, திறந்த ஓஸ்ல எத்தனால் எடுக்கவே கூடாதுன்னு இருக்கு. எடுத்தவருக்கு டிஸ்மிஸ். ஸ்டோரேஜ் லைசன்ஸ் போயிடும். புராஜெக்ட்டே நின்னுடும் பாய். குடிச்சதுன்னா மொத தடவைக்கு வார்னிங்தான். கொஞ்ச நாள் கவுன்சிலிங் கிளாஸ் வைப்பாங்க, அவ்ளோதான். விசாரணைல கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை."

"நான் தொட்டதே இல்ல சார்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் ஹேமநாத் சார். அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. பிறகு, "ரிஜ்வானுக்கு இந்த மாசம்தான் கன்ஃபர்மேஷன் போவுது. அவனும் இதே புராஜெக்ட்லதான இருக்கான்" என்றார்.

மிரட்டல் மாதிரியே இல்லை. வீட்டு நல்லது கெட்டதை விசாரிக்கிற மாதிரி இருந்தது. ரிஜ்வான் பாயின் மகன். பாயின் குடும்பம் ஒரு காலத்தில் பழவேற்காட்டில் கருவாடும் உலர்ந்த இறாலும் வாங்கி விற்ற வியாபாரக் குடும்பம். அது நொடித்துப் போன பிறகுதான் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மகன் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தில் வேண்டுதல். இரண்டு கம்பெனிகளில் ட்ரெய்னி என்று வைத்திருந்து, நிரந்தரமாக்குகிற நேரத்தில் ரிஜ்வானை அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. பெண் பார்க்கப் போன இடத்திலும் பர்மனென்ட் ஆனதும் பேசலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மறுநாள் ரிஜ்வான் என்னைத் தேடி ஷெட்டுக்கு வந்தான். நல்ல பையன். யூனிபாரத்தின் காலர் பட்டனைக்கூடப் போட்டிருப்பான்.

"சேகர் மாமா, நாளைக்கு விசாரணைல நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

"உங்க வாப்பா குடிக்கலடா."

"எனக்குத் தெரியாதா மாமா?"

அவனும் அதையே சொன்னான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன புண்ணியம்? எனக்கு வந்த கோபத்தில் அவனை ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. அடித்தால் அழுதுவிடுவான் என்று பயமாக இருந்தது.

விசாரணைக்கு நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகக் கதவைத் தட்டிப் போனேன். ஃபேக்டரி மேனேஜர் அருணாச்சலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹேமநாத் சார். பாய் ஓரத்து நாற்காலியில், கூப்பிடும்போது எழ வசதியாக நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் பம்பு, வாஷர், ஓஸ், கேன் எல்லாவற்றையும் சொன்னேன். சார் கதவருகே நின்று பார்த்ததையும் சொன்னேன். காலையிலிருந்து சொட்டு தொடாமல் வந்திருந்தேன். அதனாலேயே கை நடுங்கியது. அருணாச்சலம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"நீதான போன வருஷம் மாட்னவன்?" என்றார். "அவருக்கு நீ சாட்சி. உனக்கு நாளைக்கு அவரு சாட்சி. நல்ல ஏற்பாடு." பிறகு பாயைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவன் சொல்றது நெசமா?"

பாய் எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "இல்ல சார். குடிச்சிருந்தேன். தப்புதான்" என்றார். ஹேமநாத் சார் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினார். அப்படியாக ஒரே வாக்கியத்தில் பாய் குடிகாரர் ஆனார், நான் பொய்யன் ஆனேன். பொய் சாட்சி சொன்னதற்கும் பழைய கணக்குக்கும் சேர்த்து எனக்கும் அதே கவுன்சிலிங் கிளாஸைப் போட்டார்கள். அந்த வாரச் சனிக்கிழமையிலிருந்தே ஆரம்பம்.

கம்பெனி வேனில் விஷயம் அன்று மாலையே பழவேற்காடு போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் பாயும் நானும் சிப்காட் முனையில் இறங்கி, கிளாஸுக்கு நேரம் இருந்ததால் டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு நாளாக அவரோடு பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் டீயை ஆற்றி ஆற்றி, வெந்த உதட்டில் படாமல் ஓரமாகக் குடிப்பதைப் பார்த்ததும் வீம்பு போய்விட்டது.

"ஊட்ல அண்ணி இன்னா சொல்றாங்க பாய்?"

"ஜெய்னம்புக்கு நடந்ததச் சொன்னேன். அவ நம்புறா. ஆனா நேத்து நான் ஊட்டுக்குள்ள வரசொல்ல, கிட்ட வந்து மூச்ச இழுத்துப் பாத்தா. அவளுக்கே தெரியாம பண்ணிட்டா. தெரிஞ்சதும் மூஞ்சியத் திருப்பிக்கினா." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நேத்து வெள்ளிக்கெழம ஜும்மா தொழுவறப்ப, வரிசைல தோளோட தோள் ஒட்டி நிக்கணும் சேகரு. நடுவுல எடம் உடக் கூடாது. எனக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் எடம் இருந்துச்சு. நான் நவுந்தேன். அவுங்களும் நவுந்தாங்க. அதுக்கப்புறம் நான் நவுரல."

இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரும்புத் தகடு ஏற்றிய டிரைலர்கள் ஆந்திரப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

"கிளாஸ்ல இன்னா கேப்பாங்க?" என்றார்.

"மொத நாளு எல்லாரையும் ஒரே கேள்விதான். எப்டி ஆரம்பிச்சுதுன்னு சொல்லணும். நான் போன வருசமே போயிருக்கணும், ஒடம்பு சரியில்லன்னு டபாய்ச்சுட்டேன்."

"நான் இன்னா சொல்றது?"

"லாரி லைன்ல பழகிடுச்சு, ஒடம்பு வலிக்குப் போட்டேன்னு சொல்லு. டிரைவருங்கோ எல்லாரும் அதத்தான் சொல்லுவானுங்க. எவனும் கேக்க மாட்டான்."

பாய் உதட்டை அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "வர மாட்டேங்குது. 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லவே நாக்கு புரளல. கதையா சொல்லச் சொன்னா எங்க போவேன்?" என் பக்கம் திரும்பி, "நீ எப்டி ஆரம்பிச்ச?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. ஏன் குடிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், எப்போது விடுவாய் என்று கேட்டிருக்கிறார்கள். என் அம்மா செல்லியம்மாளுக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லை, அவளுக்குத் தெரியும். நான் பாய்க்குச் சொன்னேன். என் தம்பி தேசப்பன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனதையும், மூன்றாம் நாள் உடம்பு கரை ஒதுங்கியதையும் சொன்னேன். எங்கள் குப்பத்தில் தண்ணீரில் கிடந்த உடம்பைத் தூக்குகிறவர்களுக்கு முதலில் சாராயம் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அந்த நாற்றத்துக்குக் கிட்டே போக முடியாது. நான் வேண்டாம் என்றேன். என் தம்பிதானே, நான் தூக்குவேன் என்று போனேன். போக முடியவில்லை. சொந்தத் தம்பியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்தேன். யாரோ டம்ளரை வாயில் வைத்து அழுத்தினார்கள். குடித்தேன். அதற்குப் பிறகு போய்த் தூக்கினேன். முகம் இல்லை, அரைஞாணில் கட்டியிருந்த சைக்கிள் சாவியை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. அந்த நாற்றம் அதற்கப்புறம் போகவே இல்லை. எங்கேயாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும். வந்தால் குடிப்பேன். இவ்வளவுதான் சொன்னேன். டீ ஆறிப்போய்விட்டது. பாய் என் முழங்கால்மேல் கையை வைத்துவிட்டு எழுந்தார்.

கிளாஸ் ஒரு கட்டடத்தின் மாடியில். பல கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்துகிற மெர்சி மேடம் நல்லவிதமாகப் பேசினார். இங்கே யாரும் யாரையும் கேவலமாக நினைக்க மாட்டோம், வெளியே போய்ச் சொல்ல மாட்டோம், மனசைத் திறந்து பேசினால் பாதி நோய் போய்விடும் என்றார். ஸ்டீல் கம்பெனிக்காரர் ஒருவர் பொண்டாட்டி விட்டுப் போனதைச் சொன்னார். இன்னொருவர் சிநேகிதர்களைச் சொன்னார். பாயின் முறை வந்தது.

பாய் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். லாரி லைன், லாரி லைன் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மெர்சி மேடம், "அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க" என்றார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார் பாய்.

அவருக்குத் தம்பி கிடையாது. நான்கு அக்காள்களுக்கு அடுத்துப் பிறந்த ஒரே ஆண். அவர் சொல்லிக்கொண்டே போனார். படகு, முகத்துவாரம், மூன்றாம் நாள். நான் தூக்குறேன்னு போனேன், போவ முடியல, மூஞ்சியத் திருப்பிக்கினு ஓடியாந்துட்டேன் என்றார். நான் சொன்ன அதே வார்த்தைகள். டம்ளரை வாயில் வைத்து அழுத்தியதைச் சொல்லும்போது அவர் கை தானாக உதட்டுக்குப் போனது. அரைஞாணில் கட்டியிருந்த சைக்கிள் சாவியைச் சொன்னார். பாய் வீட்டுப் பையனுக்கு அரைஞாண் எங்கிருந்து வந்தது என்று அந்த வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டீல் கம்பெனிக்காரர் மூக்கைச் சிந்தினார். அதைச் சொல்லி முடிக்கும்போது பாய் அழுதார். நடித்து அழவில்லை. இரண்டு பக்கமும் ஒரு ஜாண் இடத்தை நினைத்து அழுதாரோ, மகனை நினைத்தாரோ, என் தம்பிக்காகவே அழுதாரோ, எனக்குத் தெரியாது. நான் அழாத அழுகையை அவர் அழுதுவிட்டார். அவரை அங்கேயே சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்கலாமா என்று வந்தது. என்னவென்று கேட்பது? அவருக்கு இந்த உலகத்தில் தெரிந்த குடிகாரன் கதை அது ஒன்றுதான். அதைத் தவிர வேறு பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

மெர்சி மேடம் எழுந்து வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும், "அடுத்து சேகர். சொல்லுங்க சேகர், மொத தடவை எப்ப குடிச்சீங்க?" என்றார்.

நான் எழுந்தேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. தேசப்பன் பெயரை எடுத்தால் பாய் பொய்யர் ஆவார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஓஸ் வரும், ஷெட் வரும், காலர் பட்டனைப் போட்ட அந்தப் பையன் வருவான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவன் நான். அந்தச் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தவன் என் தம்பி.

"லாரி லைன்ல பழகிடுச்சு மேடம்" என்றேன். "ஒடம்பு வலிக்குப் போட்டது."

மெர்சி மேடத்தின் முகம் லேசாகச் சுருங்கியது. பாயின் பக்கம் கையைக் காட்டினார். "பெரியவரப் பாருங்க சேகர். எவ்ளோ உண்மையா, மனசத் திறந்து பேசினாரு. அந்த மாதிரி பேசணும். இல்லன்னா இந்த கிளாஸால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

சரி மேடம் என்று உட்கார்ந்தேன். பாய் தலையைத் தூக்கவில்லை. வெந்த உதட்டில் உரிந்து தொங்கிய தோலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலிருந்து மெல்ல ரத்தம் கசிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் தெரியாமல், தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அவர் தோள் என் தோளில் வந்து இடித்தது.

நான் ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்தேன்.